கடைசிப் பதினோரு பக்கங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. கணினி அறிவியல் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி. ஆசிரியர் ஜெரோமுக்கு இருபத்தாறு வயது. மாணவி பூவிழிக்கு முப்பத்து நான்கு. இருந்த வேலையையும் விட்டுவிட்டு மூன்றாம் முறையாக எழுதப்போகிறாள். இந்த முறையும் கோட்டை விட்டால் இதோடு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. உட்கார்ந்தால் அவளுக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, நின்றால் உட்காரத் தோன்றியது.

“வேற கணக்கு குடுங்க சார். புத்தகத்துல இருந்த தொள்ளாயிரத்தையும் முடிச்சிட்டேன்.”

“எத்தனை சரி?”

“எல்லாமே. ஒவ்வொண்ணையும் விடையோட ஒத்துப் பார்த்துட்டேன்.”

தொள்ளாயிரத்தையும் சரியாகப் போடுகிறவள் இரண்டு முறை தோற்றிருக்க மாட்டாள். ஜெரோம் அவள் நோட்டை வாங்கிப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

“இந்த புரோகிராம்ல இந்த ஃபங்ஷன் மொத்தம் எத்தனை தடவை அழைக்கப்படுது?”

“பதினாலு.”

“எப்படி?”

“பதினஞ்சு வரும் சார். ஆனா முதல் அழைப்பு வெளியில இருந்து வர்றது. அதைச் சேர்க்கக் கூடாது. அதான் பதினாலு.”

மளமளவென்று சொன்னாள். கேட்கிறவருக்குச் சந்தேகமே வராது.

“கேள்வியை வாசிங்க அக்கா.”

வாசித்தாள். ‘முதல் அழைப்பையும் சேர்த்து’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

“அப்போ புத்தகத்துக்குப் பின்னாடி விடையில பதினாலுன்னு போட்டிருக்கே சார்?”

“அச்சுப் பிழை. நான்தான் கவனிக்கலை.”

ஜெரோம் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பதினான்குக்கு அடியில், ரப்பரால் அழித்த பதினைந்து தெரிந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம்.

“வேற எதெல்லாம் தப்பு சார்? லிஸ்ட் குடுங்க.”

“தெரியாது.”

“தெரியாதுன்னா என்ன அர்த்தம்? இருக்கிறதே பத்தொன்பது நாள்!”

ஜெரோம் புத்தகத்தை எடுத்தார். விடைகள் இருந்த கடைசிப் பதினோரு பக்கங்களையும் கிழித்து, டிராயரில் போட்டுப் பூட்டினார். மீதியை அவளிடம் நீட்டினார்.

“முதல்லேருந்து போடுங்க.”

“விளையாடாதீங்க சார். விடை இல்லாம, நான் போட்டது சரின்னு யாரு சொல்லுவா?”

“அழிக்கிறதுக்கு முன்னாடி பதினஞ்சுன்னு எழுதினாங்களே ஒரு அக்கா, அவங்க சொல்லுவாங்க.”