கோக்காத மணிகள்

மருந்து புற்றுச்செல்களைக் கொன்றுவிட்டது. அப்படியும் பர்வீன் மேடம் ஆய்வுக் கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்தார். அருளப்பனுக்குக் காதெல்லாம் எரிந்தது.

அவன் தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியன். நாற்பதைத் தாண்டி ஆராய்ச்சிக்கு வந்தவன். வழிகாட்டியாக வாய்த்த பர்வீனோ அவனைவிட இளையவர். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் ஒரு கடற்பஞ்சின் பெப்டைடை, அந்தப் புரதத் துணுக்கை, அவன் ஆய்வகத்திலேயே கட்டினான். பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் கடும் அமிலம் ஊற்றிச் சங்கிலியைக் கழற்றி, உலர்த்தி எடுத்தான். வேறோர் ஊரிலும் இதையே செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முந்திவிட்டால் இவன் பட்டம் போச்சு.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னத்துக்கு நிறுத்தி வைக்கிறீங்க? அவங்க இந்நேரம் அனுப்பியிருப்பாங்க."

அவர் எழுந்துபோய், எதுவும் கோக்காத பிசின் மணிகளை ஒரு குழாயில் போட்டு எடுத்துவந்தார்.

"இதுக்கும் அதே அமிலம் ஊத்துங்க. மருந்தை எவ்வளவு நேரம் உலர்த்தினீங்களோ அவ்வளவு நேரம் உலர்த்துங்க. மிஞ்சுறதை செல்லுல விடுங்க."

"மிஞ்ச என்ன இருக்கு? வெறுங்குழாயைக் கழுவி ஊத்தினா கேன்சர் தீரும்னா, ஊர்ல ஒருத்தன் சாக மாட்டான்."

"செய்யுங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான்.

மறுநாள் நுண்ணோக்கியில் குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. அந்தச் செல்களும் செத்து, உருண்டு, தட்டின் அடியை விட்டு மிதந்தன. முந்தும் அவசரத்தில் மருந்தை அரைகுறையாக உலர்த்தியிருந்தான். போகாமல் தங்கிய அமிலம்தான் கொன்றிருக்கிறது.

மருந்தை மறுபடி எடுத்து, முழுக்க உலர்த்தி, விட்டுப் பார்த்தான். புற்றுச்செல்கள் ஒன்றும் ஆகாமல் பரவிக் கிடந்தன.

அவர் அறைக்குப் போனான். உட்காரவில்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கையாலேயே குழி தோண்ட வெச்சிட்டீங்க. என் வயசுக்காவது மரியாதை கொடுத்திருக்கலாம்."

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாமத்தான் அந்தக் குழாயைக் கொடுத்தீங்களா?"



"உங்க மருந்துதான் கொல்லுதுன்னு நம்ப நானும் ரொம்ப ஆசைப்பட்டேன். ஆசை கண்ணை மறைச்சிடும், அதான் கொடுத்தேன்."