கஞ்சி வடிச்ச பூவாயியும் எண்ணெய் தொடாத ராஜாவும்

புஸ்தகத்தை மூடி அந்தப் பக்கம் வை பாப்பா. நாளைக்குப் பரீட்சைத் தாள்ல வர்றது இன்னிக்குக் கதையில வரட்டும். ஆனா ம் கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் நிறுத்திருவேன்.

"ம். சொல்லுங்க பெரியப்பா."

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். பேரு மாடக்கோன். வாசல்ல முதல்ல தொப்பை வரும், அப்புறமா ராஜா வருவார். ஒருநாள் விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, "என்ன மாடக்கோன், குடத்தை முழுங்கிட்டீரா?"ன்னு கேட்டுட்டார். நம்ம ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இந்தத் தொப்பை வத்தற வரைக்கும் எண்ணெய், நெய், வெண்ணெய், கொழுப்பு எதையும் தொடமாட்டேன்"னு சபதம் போட்டார். ரெண்டு வருஷம் ஓடிருச்சு. தொப்பை அப்படியே இருந்துச்சு. ஏன்னா வெல்லத்தை அவர் விடலை.

அப்போ அரண்மனைக்குப் புதுசா ஒரு சமையக்காரி வந்தா. பேரு பூவாயி. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். அரிசியை ஏழு தண்ணி விட்டுக் களைவா, சளக் சளக் சளக். கீரையைப் பொடிப்பொடியா நறுக்கிட்டு அப்புறம் அலசுவா. சோறு வெந்ததும் கஞ்சியை ஒரு சொட்டு விடாம வடிச்சிருவா. கீரை வெந்த தண்ணி பச்சையா இருக்குன்னு அதையும் கொட்டிருவா. ராஜா இலையில கலங்கல் ஒண்ணும் தெரியக்கூடாது அவளுக்கு. கொட்டினதெல்லாம் எங்கே போகும்? தொழுவத்துல சிட்டுன்னு ஒரு பசு. அது தொட்டிக்குப் போகும்.

இப்போ ஒரு ரகசியம் சொல்றேன். இது பூவாயிக்குத் தெரியாது. நம்ம சாப்பாட்டுக்குள்ள பதிமூணு பொடிப் பயலுக ஒளிஞ்சிருக்காங்க, உன் புஸ்தகத்துல வைட்டமின்னு போட்டிருக்கே, அவங்கதான். அவங்களுக்கு ரெண்டு வீடு. தண்ணி வீட்டுல ஒன்பது பேரு. எட்டு பேருக்கு 'பி'ன்னுதான் பேரு, ஒருத்தனுக்கு மட்டும் சி. எண்ணெய் வீட்டுல நாலே பேரு. யாரு?

"ஏ, டி, ஈ, கே."

பலே. தண்ணி வீட்டுப் பயலுகளுக்குத் தண்ணியைக் கண்டா போதும், டொபுக்குன்னு குதிச்சுக் கரைஞ்சிருவாங்க. பூவாயி அரிசி களையும்போது பாதிப் பேரு குதிச்சாங்க. கஞ்சி வடிக்கும்போது மீதிப் பேரு குதிச்சாங்க. சி இருக்கானே, அவனுக்குச் சூடும் ஆகாது. கீரைப் பானை கொதிச்சதும், "அண்ணே, நான் போறேண்ணே"ன்னு செத்தே போனான்.

ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. அப்போ ராஜா பல் தேய்ச்சா ஈறுல ரத்தம். நடந்தா கால் மரத்துப்போய்த் தள்ளாட்டம். மந்திரி வந்தார். அந்த மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். "ராஜா, இந்தப் பூவாயி உங்க சோத்துல விஷம் வைக்கிறா"ன்னார்.

ராஜா சொன்னார், "பூவாயி, நம்ம ஊர்ல ரெண்டு தடவைதான் பொறுப்போம். இது முதல் தடவை. மூணாவது தடவை என் உடம்பு கெட்டா, உன்னை ஆத்துக்கு அக்கரைக்கு அனுப்பிருவேன். போனா திரும்பி வர முடியாது."

அக்கரைன்னதும் பூவாயி பதறிட்டா. ஏன்னா அவளுக்கு ஒரே மக, பேரு கனியம்மா. தலைச்சன் பிள்ளை சுமந்துக்கிட்டிருந்தா. மூணாம் மாசம். தாய் இல்லாம அவ பிரசவத்தை யாரு பார்ப்பா?

பூவாயி தொழுவத்துல போய் உட்கார்ந்து அழுதா. அப்போ இந்தச் சிட்டு இருக்கே, அது ஒரு துள்ளுத் துள்ளுச்சு. மேலெல்லாம் மினுமினுன்னு இருந்துச்சு. பூவாயி அழுகையை நிறுத்திட்டு அதையே பார்த்தா. "அடியே, ராஜா தின்ன சோத்தோட கஞ்சியைத்தானே நீ குடிக்கிறே? விஷம்னா முதல்ல நீயில்ல விழணும்? சோத்தைத் தின்னவர் தள்ளாடுறாரு, கஞ்சி குடிச்சவ துள்ளுறா. அப்போ சத்து எதுல இருக்கு?"

மறுநாள்லேர்ந்து அரிசியை ரெண்டே தண்ணி களைஞ்சா. அளந்து தண்ணி வெச்சு வடிக்காம பொங்கினா. கீரையை முதல்ல அலசி, அப்புறம் நறுக்கி, வெந்த தண்ணியோடயே கடைஞ்சா. பச்சை நெல்லிக்காய் ரெண்டு இலை ஓரத்துல வெச்சா. கொஞ்ச நாள்ல ஈறு ரத்தம் நின்னுச்சு. கொஞ்ச கொஞ்சமா காலும் தேறிடுச்சு. சிட்டு மட்டும் தொட்டியை எட்டிப் பார்த்துட்டு, ம்மான்னு கோபமா ஒரு குரல் குடுத்துச்சு.

ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. "நெல்லிக்காயில இவ்வளவு விஷயமா?"ன்னு ஒரு குடம் நெல்லிச் சாறு கொண்டு வரச் சொல்லி, மடக் மடக்குன்னு குடிச்சுட்டார். என்ன ஆச்சு தெரியுமா?

"என்ன ஆச்சு?"

கொல்லைக்கு ஓடினார். வந்து உட்கார்ந்தார், மறுபடி ஓடினார். அன்னிக்கு முழுக்க ஓட்டம்தான்.

"சீ, பெரியப்பா."

சீ என்ன சீ, அதுதான் பாடம். தண்ணி வீட்டுக்காரங்க பெரும்பாலும் தங்கமாட்டாங்க. தேவைக்கு மேல வந்தவன் மூத்திரத்தோட வெளியே போயிருவான். அதனால அவங்களை அடிக்கடி கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். ஒருத்தன் மட்டும் விதிவிலக்கு, பி பன்னெண்டு. அவன் ஈரல்ல பாயைப் போட்டுப் படுத்தான்னா வருஷக்கணக்காக் கிடப்பான்.

அப்புறம் மூணு மாசம் போச்சு. ஒருநாள் பொழுது சாயுற நேரம், ராஜா மண்டபத்துல நடந்து வந்தார். டொம். தூண்ல முட்டிக்கிட்டார். "யாரய்யா இங்கே தூணை வெச்சது?"ன்னார். தாத்தா காலத்துத் தூண் அது. மறுநாள் அந்தி நேரம், மந்திரியைத் தூண்னு நினைச்சுச் சாய்ஞ்சுட்டார். பகல்ல பார்வை நல்லா இருக்கு, வெளிச்சம் குறைஞ்சா ஒண்ணும் தெரியலை.

"மாலைக்கண். ஏ குறைஞ்சா வரும்."

ம், நீ தூங்கலை. மந்திரி குதிச்சார். "ராஜா, இப்போ கண்ணுக்கு விஷம் வெச்சுட்டா."

"பூவாயி, இது ரெண்டாவது தடவை"ன்னார் ராஜா.

பூவாயிக்குக் குழப்பம். தினமும் முருங்கைக்கீரை போடுறா, காரட்டு போடுறா, தண்ணியையும் கொட்டலை. பின்னே எங்கே தப்பு? தப்பு எங்கேன்னு நமக்குத் தெரியும். காரட்டுல இருந்த ஏப் பய ராஜா குடலுக்குள்ள போய் நின்னுக்கிட்டு, "என்னைத் தூக்கிட்டுப் போக எண்ணெய்ப் பல்லக்கு எங்கேய்யா?"ன்னு கேட்டான். பித்தநீர் வந்து, "எண்ணெயே வரலையே தம்பி, நான் யாரைக் கரைக்கிறது?"ன்னுச்சு. ஏப் பய நடக்கத் தெரியாதவன். பெரும்பாலும் வந்த வழியோட வெளியே போயிட்டான். ரெண்டு வருஷமா இதே கதை. ஈரல்ல பழைய சேமிப்பு இருந்ததால இவ்வளவு நாள் தெரியலை. இப்போ பானை காலி.

அன்னிக்கு மக வீட்டுக்குப் போனா பூவாயி. கனியம்மாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருந்துச்சு. "அம்மா, எனக்குக் காரட்டு வதக்கிக் குடு"ன்னா. பூவாயி எண்ணெய் ஊத்தி, சொய்ங்குனு தாளிச்சு, காரட்டைப் போட்டுக் கிண்டினா. அப்போ பார்த்தா, எண்ணெய் தங்க நிறமா மாறிருச்சு. அரண்மனையில வேக வெச்சப்போ தண்ணி இப்படி நிறம் மாறலையே? "ஓஹோ, இது தண்ணிக்கு இறங்காத ஆளு, எண்ணெய்க்குத்தான் இறங்குவான்"னு அவளுக்குப் பட்டுச்சு.

நேரா ராஜாகிட்டப் போனா. "ராஜா, சோத்துல ஒரு கரண்டி நெய் விடணும்."

"சபதம் இருக்கே பூவாயி. தொப்பை வத்தணுமே."

"ரெண்டு வருஷமா அது உங்க சபதத்தைக் கேக்கலை ராஜா. கண்ணு மட்டும் கேட்டுருச்சு."

ராஜா தொப்பையைக் குனிஞ்சு பார்த்தார். "சரி, அரைக் கரண்டி"ன்னார். நெய்யில வதக்கின காரட்டும் கீரையும் உள்ளே போச்சு. எண்ணெய்ப் பல்லக்கு வந்துச்சு, ஏப் பய ஏறினான், டி, ஈ, கே எல்லாரும் ஏறினாங்க. ஹய்யா ஹோ, ஹய்யா ஹோன்னு போய் ஈரல்ல இறங்கினாங்க. கொஞ்ச நாள்ல ராஜாவுக்கு அந்தியில தூண் தெரிஞ்சுது, மந்திரியும் தெரிஞ்சார்.

கதை இதோட முடிஞ்சிருக்கணும். ராஜா விட்டாத்தானே?

"ம்..."

கடல் வியாபாரி ஒருத்தன் ஒரு ஜாடி சுறா ஈரல் எண்ணெய் கொண்டு வந்தான். "கண்ணுக்கு நல்லது ராஜா, ரெண்டு சொட்டு போதும்"னு சொல்லிட்டுப் போனான். ராஜா யோசிச்சார். ரெண்டு சொட்டே நல்லதுன்னா ரெண்டு கரண்டி? நெல்லிச் சாறு ஒரு குடம் குடிச்சோமே, என்ன கெட்டுப்போச்சு? பூவாயிக்குத் தெரியாம ஜாடியைக் கட்டிலுக்கு அடியில வெச்சுக்கிட்டு, தினமும் காலையில ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி, கடக் கடக்.

அப்புறம் தலைவலி. வாந்தி. தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியுது. தலை சீவினா சீப்போட முடி வருது. கடைசியில கிரீடம் வழுக்கி மூக்குல வந்து நின்னுச்சு.

மந்திரி மூணு விரலைக் காட்டினார்.

ரெண்டு சேவகர் பூவாயியை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கனியம்மாவுக்கு அது ஒன்பதாம் மாசம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நின்னா. பூவாயி படகுல ஏறிட்டா. ராஜா தலையில துண்டைக் கட்டிக்கிட்டுப் பல்லக்குல வந்திருந்தார். பூவாயி கேட்டா, "ராஜா, போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நான் போடாத எதையாவது சாப்பிட்டீங்களா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார், ஆத்தைப் பார்த்தார். "கொஞ்சம் மீனெண்ணெய்."

"எவ்வளவு?"

"ஜாடி தீரப்போகுது."

"நெல்லிச் சாறு குடிச்சீங்களே, அது எங்கே போச்சு?"

"கொல்லைக்கு."

"மீனெண்ணெய் எங்கே போச்சு?"

"அதுக்காக நான் எங்கேயும் ஓடலையே."

"ஓடலை. அப்போ எல்லாம் உள்ளேதான் உட்கார்ந்திருக்கு. ஜாடியை உடைச்சுருங்க. எண்ணெயில வந்தது லேசுல கிளம்பாது, நாளாகும். குணமாகலைன்னா நானே துடுப்புப் போட்டுப் போயிர்றேன். அதுவரைக்கும் இந்தப் படகு இக்கரையிலேயே நிக்கட்டும்."

ராஜா தலையாட்டினார், துண்டு நழுவிருச்சு. மந்திரி அரண்மனைக்கு ஆளனுப்பி, கட்டிலுக்கு அடியில இருந்த ஜாடியைக் கொண்டுவரச் சொல்லித் தூக்கிப் போட்டார், படார். ஆனா கரையில கால் வைக்கக்கூடாதுன்னு பூவாயிக்குக் காவல் போட்டார்.

பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் மாறலை. இருபது நாள் ஆச்சு, தலைவலி நின்னுச்சு. முப்பதாம் நாள் காலையில கனியம்மாவுக்கு வலி எடுத்துச்சு. கரையோரக் குடிசையில மருத்துவச்சி இருந்தா. மக கத்துறது படகு வரைக்கும் கேட்டுச்சு. நாலு எட்டுல போற தூரம். பூவாயி படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். பொழுதும் சாய்ஞ்சுது.

அப்போ மேட்டுமேல ஒரு ஆளு. பல்லக்கு இல்லை, யாரு தோளையும் பிடிக்கலை. அந்தி மங்கல்ல கல்லு, முள்ளு எல்லாத்தையும் பார்த்து விலகி விலகி இறங்கி வந்தார். கிட்ட வந்தப்போ தெரிஞ்சுது, ராஜா. மண்டையில சின்னச் சின்னதா முடி முளைச்சிருந்துச்சு, பிஞ்சு நெல் மாதிரி.

"பூவாயி, தோல் உரியலை. இறங்கு. தப்பு என்னோடது. பசிக்குது, வந்து சோறு பொங்கு"ன்னார்.

அப்போ குடிசையிலிருந்து, ங்கா... ங்கான்னு ஒரு குரல்.

பூவாயி தண்ணியிலேயே இறங்கி ஓடினா. போற போக்குல, "கஞ்சியை வடிக்காம நீங்களே பொங்கிக்குங்க ராஜா. நான் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு வர்றேன்"னா.

அன்னிக்குச் சோத்தை ராஜாதான் பொங்கினார். குழைஞ்சுதான் போச்சு. மந்திரிக்கும் அதுதான் சாப்பாடு.

பாப்பா?

...

ம் வரலை. சரி, கதை வெந்து இறங்கிருச்சு, அடுப்பும் அணைஞ்சிருச்சு. தூங்கு கண்ணு.