புகாரே வராத சாஃப்ட்வேர்

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்து விற்கிற தேவராஜுலுவுக்கு, வாடிக்கையாளர்களைக் கவனிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரைக் குறை சொல்லித் துரத்திவிட்டு, வீட்டிலிருந்தே தனியாக சாஃப்ட்வேர் எழுதித் தரும் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் டைம். அப்புறம் எனக்கு ஒரு புகார்கூட வரக்கூடாது. முடியும்னா பேசு, முடியாதுன்னா கிளம்பு."

"ஒரு மாசம் எதுக்குங்க? புகாரே வராத ஏற்பாடு உங்க ஆபீஸ்ல ஏற்கெனவே இருக்குதுங்க," என்றாள் பூங்கோதை. "உங்க கிரைண்டர் பெட்டி மேல போட்டிருக்கிற புகார் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. எங்கம்மா கிரைண்டருக்காக நான் நாலு நாளா கூப்பிடறேன்."

அவர் கூப்பிட்டார். பக்கத்து அறை பீரோவுக்குள் மெல்ல மணியடித்தது. மேனேஜர் பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றிவைத்த போனை எடுத்து வந்தார். "ஓயாம அடிச்சுதுங்க. மத்த வேலையே ஓடலைங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. தேவராஜுலுவே எடுத்தார். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மாவு அரைபடாத கதையைப் பத்து நிமிஷம் கொட்டித் தீர்த்தார்.

"இதை அப்படியே உங்க முதலாளிகிட்டச் சொல்லுப்பா. அந்த மனுசனுக்குக் காது கேக்குமோ கேக்காதோ."

"இப்பக் கேக்குதுங்கம்மா. நாளைக்கே ஆள் வரும்," என்றார் தேவராஜுலு.

போனை வைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதையிடம் சொன்னார்:

"எத்தனை புகார் வந்தாலும் வரட்டும். நீ இன்னிக்கே ஆரம்பிச்சிரு கண்ணு."