சம்மதம் வரைக்கும் பார்த்த படம்

வழுதிக்குளத்தில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். புத்தி என்பவர் விலாசம் விசாரித்துக்கொண்டு இவர்கள் வாசலுக்கே வந்திருந்தாலும், அடுத்த தெருவைக் காட்டி அனுப்பியிருப்பார்கள். மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அதுவரை பெண்களிடம் இவர்கள் பேசிய ஒரே பேச்சு, பஸ்ஸில் "கொஞ்சம் வழி விடுங்க" என்பதுதான்.

அவர்களில் மோட்டார் காயில் கட்டும் மாசிலாமணிக்கு ஒருவழியாக ஒரு வரன் வந்தது. பெண் தபாலாபீஸில் வேலை பார்க்கும் செண்பகவல்லி, அவளுக்கும் நாற்பது. "ஓட்டல்ல உக்காந்து பேசிப் பாக்கணும். பிடிச்சா கட்டிக்கிடுதேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். இதை விட்டால் மாசிலாமணிக்கு இனி வரன் கிடையாது என்று ஜோசியரே கையை விரித்துவிட்டார்.

"பொம்பளகிட்ட என்னத்தலே பேசுவேன்?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

டவுன் தியேட்டரில் அப்போது ஒரு சிரிப்புப் படம் ஓடியது. நடுவயதில் முதல்முறையாகக் காதலிக்கும் ஒருவனின் கதை. "அதுல வாறத அப்படியே செஞ்சிரு" என்றான் கூட்டாளி சொரிமுத்து. மூவரும் போனார்கள். வாசலில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"நம்மள விடுவாங்களாலே?" என்றான் மூன்றாமவன் தங்கப்பழம். "கல்யாணம் ஆகாதவன் சின்னப்பயன்னுதான எங்க மாமா பந்தியில கடைசியா உக்கார வைக்காரு?"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் மாசிலாமணி.

டிக்கெட் கிழிப்பவர் மூன்று வழுக்கைகளையும் பார்த்துவிட்டு உள்ளே தள்ளிவிட்டார்.

தியேட்டரே வயிறு வலிக்கச் சிரித்தது. இவர்கள் மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் கதாநாயகியின் சேலையில் காபியைக் கொட்டினான். இடைவேளை விட்டார்கள். கடைசியில் அவள் "எனக்குச் சம்மதம்" என்றாள். உடனே மூவரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். படம் முடியும்வரை இருந்தால் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாது. எந்தப் படமானாலும் இவர்கள் வழக்கம் அதுதான்.

"காபி சூடா இருக்கணுமாலே?" என்று மாசிலாமணி கேட்டான்.

சொரிமுத்து நெடுநேரம் யோசித்தான். "அந்தப் பிள்ள அலறலையே. ஆறின காபிதான்."

ஓட்டலில் செண்பகவல்லிக்கு எதிரே மாசிலாமணி உட்கார்ந்தான். நண்பர்கள் அடுத்த மேசையில். காபி வந்தது. ஆறட்டும் என்று வாய் திறக்காமல் காத்திருந்தான். ஆறியதும் எடுத்து, நிதானமாக அவள் சேலையில் ஊற்றினான்.

"வேணும்னேயா ஊத்துனீய?"

"ஆமா. படத்துல இப்படித்தான்."

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் எழுந்து போய், வெளியே முறுக்கு தின்றுவிட்டு வந்தான்.

"எங்க போனீய?"

"இடைவேளை."

செண்பகவல்லி அவனையே பார்த்தாள். இதற்குமுன் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தேனாகப் பேசியவர்கள். பேசிப் பேசிக் கடைசியில் அவளுக்கு வரப்போகும் பென்ஷனில் வந்து நின்றவர்கள். இவனுக்கோ ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்லை. பாவம், அவளுக்கு இவனைப் பிடித்துத் தொலைத்தது.

"எனக்குச் சம்மதம்" என்றாள்.

மூவரும் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். வெளியே நின்றது அவர்கள் வண்டி ஒன்றுதான். அதையும் முண்டியடித்துத்தான் எடுத்தார்கள்.

"நல்லவேளை, கூட்டத்துக்கு முந்திட்டோம்" என்றான் தங்கப்பழம்.

செண்பகவல்லி ஈரச் சேலையோடு பின்னாலேயே வந்தாள். "ஏங்க, எங்க ஓடுதீய? இனிமேத்தான எல்லாமே இருக்கு!"

மாசிலாமணி ஓடும் வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"இதுக்கு மேல நாங்க பாக்கலையே!"