சாகாத மருந்துக்கு ருசி பார்த்தவன்

டங் டங்கென்று வெண்கல மணி அரண்மனையே அதிர முழங்கியது. சாகாத மருந்தோடு சித்தர் வூ பாவ் வந்துவிட்டார். சீனச் சக்கரவர்த்தி எதைச் சாப்பிட்டாலும் முதலில் ருசி பார்க்கிறவன் ஷூ காவ். சித்தர் மருந்து அரைத்தபோது இதையே நக்கிய பூனை விறைத்துச் செத்துப்போனதை அவன் பார்த்திருந்தான்.

"தின்னுடா!" என்றார் சித்தர்.

"தின்கிறேன் சாமி. ஆனால் பலன் தெரிகிறவரை மகாராஜா காத்திருப்பதுதான் வழக்கம். நான் சாகவில்லை என்று தெரிய நூறு வருஷமாவது ஆகுமே?"

"அதுவரை நான் இருக்க வேண்டாமா?" என்று சீறினார் சக்கரவர்த்தி.

"அப்படியானால் சித்தரே தின்னட்டும், மகாராஜா. முந்நூறு வயசு என்கிறாரே, பழகின மருந்துதானே?"

சக்கரவர்த்தி மருந்து உருண்டையைச் சித்தரிடம் நீட்டினார். சித்தர் ஓரடி பின்வாங்கினார்.

"இன்றைக்கு... எனக்கு விரதம்."

காவலர்கள் அவரை இழுத்துப் போனார்கள். ஷூ காவ் கரண்டியைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை ருசி பார்க்கப் போனான்.