செப்புத் தகட்டுத் துறைமுகம்

வேலம்பட்டினத்தை ஆண்ட மருதவாணராயருக்கு ஒரு பழக்கம். நல்லதாக எதைப் பார்த்தாலும் அதே போலத் தமக்கும் வேண்டும் என்பார்.

ஒருநாள் ஒல்லாந்து வியாபாரி ஒருவன் அவருக்கு ஒரு படத்தைக் காணிக்கை வைத்தான். செப்புத் தகட்டில் கீறி, மை தடவித் தாளில் ஒற்றி எடுத்த படம். எங்கோ மேற்கே ஒரு பழைய துறைமுகமாம். வானளாவிய தூண்கள், வளைவு வாசல்கள், மாளிகை, பாய் விரித்த கப்பல்கள். மன்னருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில், "நம் துறையும் இப்படியே இருக்க வேண்டும்" என்றார்.

அமைச்சர் நரசப்பர் உடனே எழுந்தார். "ஆகட்டும் அரசே. கரையிலிருக்கும் மீனவர் குடிசைகளைப் பிரித்தெறிந்தால் இடம் தாராளம்."

வஞ்சிர மீனைச் சும்மா கொடுக்காதவர்கள் மேல் அவருக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

அன்று சபைக்கு வந்திருந்த மீனவர் தலைவர் காத்தமுத்து, "நாங்க எங்க போவோம் சாமி?" என்றார்.

சபையில் விகடம் பேசும் ஆதிமூலம் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"அரசே, ஏறக்குறைய இப்படியா? அச்சு அசலாக இப்படியேவா?"

"ஒரு கீறல்கூட மாறக் கூடாது. இது என் உத்தரவு."

"அப்படியானால் குடிசைகளைத் தொட முடியாது. இதோ, தூணடியில் குடிசை. பக்கத்தில் வலை காய்கிறது. ஒருத்தி உட்கார்ந்து மீன் ஆய்கிறாள்."

நரசப்பர் எட்டிப் பார்த்தார். ஆய்ந்துகொண்டுதான் இருந்தாள்.

"மாளிகைக்குத்தான் கூரை பாதி இல்லை" என்று தொடர்ந்தார் ஆதிமூலம். "தூண் உச்சியில் செடி முளைத்திருக்கிறது. முற்றத்தில் ஆடு மேய்கிறது. புதிதாகக் கட்டி எதற்கு இடிக்க வேண்டும்? அமைச்சரின் மாளிகையும் கரையில்தானே இருக்கிறது. அதன் கூரையில் பாதியைப் பிரித்துவிட்டால் படம் அப்படியே வந்துவிடும்."

மன்னர் நரசப்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"யோசித்துப் பார்த்தால், அரசே, நம் துறை இப்போதே அழகாகத்தான் இருக்கிறது" என்றார் நரசப்பர்.

மன்னர் படத்தைத் திரும்ப வாங்கி மேலும் கீழும் துழாவினார். "இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிய அரசன் இதில் எங்கே?"

"நானும் தேடினேன் அரசே" என்றார் ஆதிமூலம். "மீனவர்கள்தான் இருக்கிறார்கள்."

மன்னர் சிரிக்கச் சற்று நேரம் ஆயிற்று. சிரித்து முடித்ததும் தம் சால்வையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போர்த்தினார். காத்தமுத்துவைப் பார்த்து, "வீட்டுக்குப் போங்கள்" என்றார்.