மஞ்சள் நீர் ஏறிய பல்லக்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் (பெயரைச் சொன்னால் நீங்கள் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், வேண்டாம்) ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். மகள் செண்பகவல்லி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பைத்தியம். அவள் தலைப்பிரசவத்துக்குப் புகுந்த வீட்டிலிருந்து வரப்போகிறாள் என்றதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வழியெல்லாம் மேடும் பள்ளமும். பல்லக்கு குலுங்கினால் பிள்ளைத்தாய்ச்சி உடம்பு என்னாவது?

அரண்மனை மணியக்காரர் சிங்காரம் பல்லக்குத் தூக்கிகளை மண்டபத்தில் உட்காரவைத்தார். குலுங்காமல் நடக்கும் வித்தையைக் காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை சொல்லித் தீர்த்தார். சில வாரம் கழித்து ராஜா அவர்களைச் சபைக்கு அழைத்து, "ஏற்றத்தில் என்ன செய்வீர்கள்? தோள் மாற்றும்போது எந்தக் கால் முன்னே?" என்று கேட்டார். எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"சாமி, வாயில வரமாட்டேங்குது," என்றான் மூத்தவன் பெரியாண்டி. "இளவரசியம்மாவைக் கொழந்தையிலேருந்து நாங்கதான் தூக்குறோம். இப்ப எங்களை ஒதுக்கிடாதீங்க."

சிங்காரம் இதற்குத்தான் காத்திருந்தார். "மகாராஜா, என் அக்காள் மக்கள் எல்லா விதிகளையும் ஒப்பிப்பார்கள். அவர்களே தூக்கட்டும்!"

விகடகவி சாத்தப்பனுக்குப் பெரியாண்டியின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மகாராஜா, கற்றதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?" என்று எழுந்துவிட்டார்.

"அப்படியானால் விகடகவி அதைப் படியால் அளந்து காட்டட்டும்," என்றார் சிங்காரம். "முடியாவிட்டால் அவரும் பல்லக்குக்குத் தோள் கொடுக்கட்டும்."

சபை சிரித்தது. ராஜாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. "அளந்து காட்டும்!" என்று உத்தரவிட்டார். அங்கவஸ்திரத்தைத் தவிர வேறெதையும் சுமந்தறியாத தம் தோளைச் சாத்தப்பன் கவலையோடு தடவிக்கொண்டார்.

மறுநாள் பல்லக்கில் ஒரு பித்தளைக் குடம் ஏறியது. விளிம்புவரை மஞ்சள் நீர். "இதுதான் இளவரசி. கோட்டையைச் சுற்றி அழைத்து வாருங்கள்," என்றார் சாத்தப்பன். பெரியாண்டியின் ஆட்கள் சுற்றி வந்ததும், குடத்திலிருந்ததைப் படியால் அளந்து, "மகாராஜா, பாதி தங்கியிருக்கிறது," என்றார்.

அடுத்து, மறுபடி நிரப்பிய குடத்தோடு சிங்காரத்தின் அக்காள் மக்கள் பல்லக்கைத் தூக்கினார்கள். விதிகளை உரக்கச் சொல்லிக்கொண்டேதான் நடந்தார்கள். திரும்பி வந்தபோது மெத்தை மஞ்சளாக இருந்தது, குடம் காலியாக இருந்தது. சாத்தப்பன் படியைக் கவிழ்த்துக் காட்டினார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே மகள் நினைவும் வந்தது. "பாதிதானா? என் பெண் முழுதாக வந்து சேர வேண்டுமே, சாத்தப்பரே!"

"மிச்சப் பாதி எங்கே போயிற்று என்று தரையே சொல்கிறது, பாருங்கள்."

பெரியாண்டியின் ஆட்கள் சிந்திய இடங்களைச் சாத்தப்பன் முதலிலேயே சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறி யானைக் கொட்டடி ஏற்றத்திலும் தோள் மாற்றிய இடத்திலும் மட்டும்தான் இருந்தது. சாத்தப்பன் சிங்காரத்திடம் தணிந்த குரலில், "ஐயா, வித்தை உங்களிடம் நிறைய இருக்கிறது. ஒரே நாளில் கொட்டிவிட்டீர்கள். தினம் கொஞ்ச நேரம் இவர்களோடு நடந்து, சிந்துகிற இடத்தில் மட்டும் சொல்லிக் கொடுங்கள். நடுவில் சில நாள் விட்டுவிட்டு மறுபடி தூக்கச் சொல்லுங்கள். மறந்தது அப்போது தெரியும்," என்றார்.

சிங்காரம் முறைத்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். போகப்போகக் குடத்தில் தங்கும் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் ஒரு சொட்டும் சிந்தாமல் குடம் திரும்பியபோது பெரியாண்டியைக் கட்டிக்கொண்டு அழுததும் அதே சிங்காரம்தான்.

செண்பகவல்லியை அழைத்துவரப் பெரியாண்டியின் ஆட்களே போனார்கள். பல்லக்கு அரண்மனை வாசலில் வந்து இறங்கியது. உள்ளே சத்தமே இல்லை. ராஜா திரையை விலக்கினார்.

மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டியக்காரன் இளவரசியின் வருகையை முழங்க வாயைத் திறந்தான். ராஜா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். அந்தச் சலசலப்பில் அவள் மெல்லக் கண் விழித்தாள்.

"அப்பா! பல்லக்கு இன்னும் கிளம்பவே இல்லையே, அதுக்குள்ள என்னைக் கூட்டிப்போக நீங்களே இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா?"

ராஜா கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். பெரியாண்டிக்கும் அவன் ஆட்களுக்கும் பொற்காப்பு பூட்டினார். தம் முத்துமாலையைச் சாத்தப்பன் கழுத்தில் போட்டு, "வந்துவிட்டேனம்மா, வா, உள்ளே போகலாம்," என்று மகளைக் கைத்தாங்கலாக இறக்கினார்.